வீட்டில் படுப்போர் விபரம்

1

நித்திரைக்கும் ஒரு படிவம் உண்டு என்பது எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் தெரியவந்தது. லண்டனில் எதற்குத்தான் படிவம் இல்லை? குப்பை வாளி உடைந்தால் படிவம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனால் படிவம். அந்தப் படிவத்தை எப்படி நிரப்பினேன், திருப்தியா என்று கேட்க இன்னொரு படிவம். ஆனாலும் படுத்த நேரம், விளக்கை அணைத்த நேரம், கண் அயர எடுத்த நிமிடங்கள், இடையில் விழித்த தடவைகள், எழும்பிய நேரம், குடித்த தேநீர், காலையில் உற்சாகம் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை என்று பதினான்கு நாளுக்குக் கட்டம் போட்ட தாளைத் தாதி கையில் தந்தபோது, பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் பகிடி விடவில்லை.

காரணம் இருந்தது. தனியே இருக்கும் வயோதிபர்களின் வீடுகளுக்குக் காரில் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. காலைச் சுற்று ஐந்தரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடியும். மாலைச் சுற்று நான்கிலிருந்து இரவு பத்து வரை. நடுவில் உள்ள நேரத்தை எங்கள் அலுவலகம் ஓய்வு என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த ஓய்வில்தான் நான் சமைப்பது, உடுப்புத் தோய்ப்பது, கடைக்குப் போவது எல்லாம். ஒருநாள் காலை சிவப்பு விளக்கில் நின்றபோது கண் மூடிவிட்டது. கார் மெல்ல உருண்டு போய் முன்னால் நின்ற வான் வண்டியைத் தொட்டு நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. வான்காரர் இறங்கி வந்து கண்ணாடியில் தட்டி, சுகமாக இருக்கிறீர்களா அம்மணி என்று கேட்டு எழுப்பினார். என்னை அவ்வளவு மரியாதையாக அதற்கு முன் ஒருவரும் நித்திரையால் எழுப்பியதில்லை.

பகலில் ஏன் இப்படிக் கண் சொருகுகிறது என்று நித்திரைப் பிரிவு வைத்தியர் சொல்லும்வரை கார் ஓடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. மூன்று மாதத்துக்குத் தொலைபேசி எடுக்கும் வேலை தந்தார்கள், அதன் பிறகு 'பார்ப்போம்' என்றார்கள். இந்த நாட்டில் 'பார்ப்போம்' என்றால் இல்லை என்று பொருள். வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். மகள் ஆரணிக்குப் பதினாறு வயது.

தாளோடு பத்துக் கட்டளைகளும் தந்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் படு. இரண்டு மணிக்குப் பிறகு தேநீர் குடியாதே. அறை இருட்டாகவும் குளிராகவும் அமைதியாகவும் இருக்கட்டும். தொலைபேசியைப் படுக்கைக்குக் கொண்டு போகாதே. இவற்றை எனக்கு விளங்கப்படுத்துவதற்கு, நான் கேளாமலே, சென்னைப் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துத் தந்தார்கள். அவர் பாவம், தாதி சொன்ன ஆங்கிலத்தையே கொஞ்சம் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். நானும் மெதுவாக ஓமோம் என்றேன். மொழிபெயர்ப்பு நடந்தது என்று அதற்கும் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.

வைத்தியரைச் சந்திக்கும் நாளுக்கு முந்திய இரண்டு வாரத்துக் குறிப்புத்தான் அவர்களுக்கு வேண்டும். அந்த இரண்டு வாரமும் நான் அம்மாவின் திவசத்துக்காகக் கொழும்பில் நிற்க விமான ரிக்கற் போட்டிருந்தேன். நாளை மாற்றினால் அடுத்த சந்திப்புக்கு எட்டு மாதம். ஆகவே பத்துக் கட்டளைகளையும் பெட்டிக்குள் வைத்து வெள்ளவத்தைக்குக் கொண்டு போனேன்.

2

அக்காவின் வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. யன்னலைத் திறந்தால் ரயில், மூடினால் வெக்கை. இருட்டும் குளிரும் அமைதியும் ஒன்றாக வேண்டுமென்றால் நான் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் படுக்க வேண்டும். ஆனால் என்னைத் தோற்கடித்தது ரயிலும் அல்ல, வெக்கையும் அல்ல. மனிதர்கள்.

வெளிநாட்டால் வந்தவளைப் பார்க்க வராமல் விடுவது கொழும்பில் பெரிய குற்றம். பகலில் எல்லோருக்கும் வேலை, பின்னேரத்தில் வீதி நெரிசல். ஒன்பது மணிக்குக் கடைகள் பூட்டிய பிறகுதான் கார்கள் ஓடும். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவும் சித்தியும் வந்து மணியை அடித்தபோது நேரம் ஒன்பதே முக்கால். நான் அப்போது கட்டளைப்படி முகம் கழுவி, மனதை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அக்கா தேநீர் கொண்டு வந்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"நீ குடிக்காட்டி அவை என்ன நினைப்பினம்? அரைக் கோப்பையாவது குடி."

குடித்தேன். பத்து மணிக்கு, போய்ப் படுக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"என்ன பிள்ளை, உடம்புக்கு ஏதும் ஏலாதோ?" என்றார் சித்தி.

"இல்லைச் சித்தி. நித்திரைப் பழக்கத்தைத் திருத்திறன். நேரத்துக்குப் படுக்கச் சொல்லியிருக்கினம்."

சித்தப்பா அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நித்திரை கொள்ளப் பழகவோ இவ்வளவு தூரம் லண்டனுக்குப் போனனி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். பதினொன்றரைக்கு எழும்பிப் போனார்கள். மறுநாள் விடிய முன் எனக்கு ஏதோ பெரிய வருத்தம், வெளியில் சொல்லாமல் மறைக்கிறாள் என்று கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை. மூன்றாம் நாள் கோயிலில் அர்ச்சனை செய்த திருநீறும் நூலும் வந்து சேர்ந்தன. நூலைக் கட்டிக்கொண்டேன். கட்டளைகளில் நூல் கட்டக்கூடாது என்று எங்கும் இல்லை.

கடவுச்சீட்டில் நாடு மாறிவிட்டது, உடம்பு எந்த நாட்டு நேரத்தில் நிற்கிறது என்று அதற்கே தெரியவில்லை. படுத்த பிறகும் நித்திரை வராது. அலுவலகத்துக் குழுவில் யாருக்கு எந்தச் சுற்று என்று அட்டவணை வரும். என் பெயர் இல்லாத அட்டவணையை நான் மூன்று தரம் பார்ப்பேன். தொலைபேசியைப் படுக்கைக்குக் கொண்டு போகாதே என்பது ஆறாம் கட்டளை.

குறிப்புத் தாளை முதல் இரண்டு நாள் ஒழுங்காக நிரப்பினேன். பிறகு திவசத்துக்குச் சாமான் வாங்க, ஐயருக்குச் சொல்ல, இரத்மலானையில் இருந்து வந்த சொந்தக்காரர்களைக் கவனிக்க என்று தாள் சாப்பாட்டு மேசையில் ஒரு மூலையில் கிடந்தது. நித்திரையைப் பற்றி எழுதவே நேரம் கிடைக்கவில்லை.

3

இந்த இடத்தில் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். ஒரு கந்தோரில் முப்பத்தாறு வருடம் இலிகிதராகப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். அவர் நிரப்பிய படிவம் ஒன்றும் திரும்பி வந்ததில்லை என்பது எங்கள் குடும்பத்தின் பெருமை.

இங்கிலாந்து விசாவுக்காக நான் பதினான்கு மாதம் அந்த வீட்டில்தான் காத்திருந்தேன். கொழும்பில் தமிழ் வீடுகளில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டியிருந்த யுத்த காலம் அது. பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டுக்காரருக்கு என்ன முறை, தங்கும் நோக்கம், போகும் திகதி. அந்தப் படிவத்துக்கு ஒரு நீண்ட பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் அதை 'படுப்போர் விபரம்' என்போம். அத்தான் அதை அழகான சிங்கள எழுத்தில் ஒரு கட்டமும் வெறுமையாக விடாமல் நிரப்புவார். வெறும் கட்டம் ஒன்று இருந்தால் அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லத் தெரியாமல் பிடிபட்டவர்கள் எத்தனை பேர் எங்கெங்கோ போய் இருந்தார்கள்.

பொலிஸ் சோதனைக்கு வருவது பெரும்பாலும் சாமத்தில். வீட்டில் சிங்களம் சரளமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் சேர்ட் போட்டு எல்லாத் தெறியும் பூட்டி, படிவங்கள் அடுக்கிய கோவையை மடியில் வைத்துக்கொண்டு, ஹோலில் கதிரையில் இருப்பார். "நீங்கள் படுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்பார். நாங்கள் படுத்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் ஒழுங்காக நித்திரை கொண்டது அந்தப் பதினான்கு மாதம்தான். தலையணைக்குக் கீழே அடையாள அட்டை, கதவுக்கு வெளியே அத்தான். பத்துக் கட்டளையில் ஒன்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

4

புறப்படுவதற்கு முதல் நாள் பெட்டி அடுக்கும்போதுதான் தாளின் ஞாபகம் வந்தது. மேசையில் காணவில்லை. பதறிக்கொண்டு தேடினேன். அத்தான் தன் கோவையைத் திறந்து, மடிக்காமல் வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார்.

பதினான்கு நாளும் நிரம்பியிருந்தது.

"வெறுமையாக் கிடந்துது. கட்டம் வெறுமையாக் கிடந்தா அவங்கள் ஆயிரம் கேள்வி கேப்பாங்கள். அதுதான் நிரப்பிப் போட்டன்."

படுத்தது பத்து. விளக்கை அணைத்தது பத்து ஐந்து. கண் அயரப் பத்து நிமிடம். இடையில் விழித்தது பூச்சியம். எழும்பியது ஆறு. தேநீர் ஒன்று. ஒரே நாளில் எழுதியது என்று தெரியாமல் இருக்க நீலப் பேனையும் கறுப்புப் பேனையும் மாற்றி மாற்றிப் பாவித்திருந்தார். உற்சாகத்துக்கு ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து.

"எல்லாத்துக்கும் ஐஞ்சு போட்டாச் சந்தேகம் வரும்," என்றார். "மாமியின்ரை திவசத்தண்டு நாலு. அண்டைக்கு ஐஞ்சு போடுறது சரியில்லை."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறை இருந்தது அவருக்கு.

"சீல் குத்த இடம் விடேல்லை. புதுக்கடையில எனக்குத் தெரிஞ்ச சமாதான நீதவான் ஒருத்தர் இருக்கிறார். வேணுமெண்டால் பின்பக்கத்தில உறுதிப்படுத்தி வாங்கித் தாறன்."

நான் நேர்மையானவள் என்று உங்களிடம் நடிக்கப்போவதில்லை. அந்தத் தாள் எனக்குப் பிடித்துப்போனது. எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளும், தேநீர் ஒன்றோடு நிற்கும், காலையில் உற்சாகமாக எழும்பும் ஒரு வசந்தி அதில் இருந்தாள். அவளுக்குக் கார் கொடுக்க யார் மறுப்பார்கள்? அதையே கொண்டு போய்க் கொடுப்பது என்று பாதி முடிவு செய்துவிட்டேன். பகிடியாகத்தான் ஆரணிக்கு வீடியோவில் காட்டினேன்.

ஆரணி பரீட்சைக்கு உயிரியல் படிக்கிறாள். லண்டன் வீட்டில் அவள் அறைக் கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்கும். இப்படிக் கடல் கடந்து பேசும்போதுதான் முகத்தை முழுதாகப் பார்க்கிறேன். தாளைப் பார்த்தவள் சிரிக்கவில்லை.

"அம்மா, இது ஃப்ரோட்."

"உன்ரை பெரியப்பா உதவி செய்தவர். ஃப்ரோட் எண்டு சொல்லாதை."

"சரி, உதவி. ஆனா திங்க் பண்ணுங்கோ. எட்டு மணித்தியாலம் நல்லாப் படுத்தும் நீங்க ட்ராஃபிக் லைட்டில நித்திரையெண்டா, அது களைப்பில்லை. அது வருத்தம். மூளையில ஏதோ பிழை எண்டு நினைப்பினம். பிறகு லைசன்ஸ் திரும்ப வராது."

கெட்ட நித்திரை என்று எழுதினால் நான் வெறும் களைத்த மனுசி. நல்ல நித்திரை என்று எழுதினால் நோயாளி. சரியான பதிலை எழுதி வாழ்ந்த எங்களுக்கு, சரியான பதிலே வினையாகும் ஒரு படிவம் இதுவரை வந்ததில்லை.

அத்தான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நான் உம்மை வருத்தக்காரியாக்கப் பாத்தனோ?" என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இல்லை அத்தான், நான்தான் ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும் என்றேன். அது அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. சேர்ட்டை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

5

காலி வீதியில் உள்ள கொமியூனிகேஷன் கடையில், ஆரணி அனுப்பிய வெறும் படிவத்தை அச்சடித்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். பிழை வந்தால் உதவட்டும் என்று மூன்று பிரதி.

"இந்த முறை உள்ளதை எழுதுவம்," என்றார். சிகரட்டை விட்டவர் சொல்வதுபோல் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் சொன்னார்.

மூவரும் மேசையைச் சுற்றி இருந்தோம். எழுத வேண்டியவள் நான், ஆனால் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நித்திரையில்லாத இரவுகள் எல்லாம் எனக்கு ஒரே இரவாகத்தான் தெரிந்தன. அக்கா உதவிக்கு வந்தாள்.

"சித்தப்பா வந்தண்டு நீ பன்னிரண்டுக்குப் படுத்திட்டாய். பிறகு நல்ல நித்திரை. குறட்டை கேட்டது."

"பன்னிரண்டு பத்து," என்றார் அத்தான். "குறட்டை உம்முடையது. இவ ஒண்டு இருபதுக்கு எழும்பித் தண்ணி குடிக்க வந்தவ. 'என்ன அத்தான்' எண்டு கேட்டவ. நான் கதிரையில இருந்தனான், பேப்பர் பாக்கிறன் எண்டனான். மூண்டு ஐஞ்சுக்குக் கதவுக்குக் கீழால போன் வெளிச்சம். நாலு மட்டும் நிண்டது."

எழுதினேன்.

"அடுத்த நாள் பதினொண்டு நாப்பது. ரெண்டு மணிக்குப் பல்கனிக்குப் போனவ. இருபது நிமிசம். அழுதவ போலை. அதுக்குக் கட்டம் இல்லை, விடும்."

தாளில் இருந்து தலையை நிமிர்த்தாமல், ஒரு நாளையும் விடாமல், நிமிடக் கணக்கோடு சொல்லிக்கொண்டே போனார். ஏழாம் நாள் விடியற்புறம் முதல் ரயில் போன பிறகுதான் எனக்குக் கண் அயர்ந்ததாம். திவசத்துக்கு முதல் நாள் ஐந்து தரம் விழித்தேனாம். நான் வியந்து போனேன். முப்பத்தாறு வருடம் வரவுப் பதிவேடு பார்த்த மனிதர், தலைக்குள் அப்படியே பதிந்துபோய்விட்டது என்று நினைத்தேன்.

"அவருக்கு எல்லாம் ஞாபகம் நிக்கும்," என்றாள் அக்கா பெருமையாக. "எனக்குத்தான் காலமை என்ன சமைச்சனான் எண்டே மறந்துபோகுது."

உற்சாகத்துக்கு எத்தனை போடுவது என்று அவரையே கேட்டேன். அது மட்டும் நீர்தான் சொல்ல வேண்டும் என்றார். பெரும்பாலும் ஒன்றும் இரண்டும் போட்டேன். கடைசியில் அவர் தாளை வாங்கி, கூட்டல் சரிபார்ப்பதுபோல் மேலிருந்து கீழ் வரை விரலால் ஓடிப் பார்த்து, "வடிவில்லை. ஆனாச் சரி," என்றார்.

6

லண்டனில் என்னைப் பார்த்த வைத்தியர் இளம் பெண். என் மகளை விடப் பத்து வயது கூட இருக்கலாம். முதல் வாரத்தை நேர வித்தியாசம் என்று ஒதுக்கிவிட்டு, இரண்டாம் வாரத்தில் பேனையை வைத்து நெடுநேரம் பார்த்தார். இரத்தப் பரிசோதனை, மூச்சுப் பரிசோதனை எல்லாம் முன்பே செய்திருந்தார்கள். வருத்தம் ஒன்றும் இல்லை என்றார். பிரச்சினை உங்கள் மூளையில் இல்லை, உங்கள் வேலை அட்டவணையில் இருக்கிறது. ஒரு நாளுக்கு ஒரு சுற்று மட்டும் தரச் சொல்லி அலுவலகத்துக்குக் கடிதம் தருகிறேன். ஆறு வாரம் ஒழுங்காகப் படுத்து எழும்பினால் கார் ஓடலாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடிதத்தை வாங்கக் கையை நீட்டினேன். அவர் தாளை இன்னும் விடவில்லை.

"இதை நீங்கள் எழுதவில்லை," என்றார்.

பிடிபட்டுவிட்டோம், எங்கள் பரம்பரைப் பழக்கம் இந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"எழுதியது நான்தான் டொக்டர். என் கையெழுத்துத்தான்."

"கையெழுத்து உங்களுடையது. நேரம் பார்த்தவர் வேறு ஒருவர். நித்திரை வராமல் கிடப்பவர்கள் ஒருமணிபோல, கனநேரம் என்றுதான் எழுதுவார்கள். இங்கே ஒன்று இருபது, மூன்று ஐந்து என்று இருக்கிறது. யார் பார்த்தது?"

"என் அக்காவின் கணவர். அவருக்கு நல்ல ஞாபகசக்தி."

"பதினான்கு இரவுமா?"

"ஓம்."

அவர் பேனையை மூடினார். குற்றம் பிடிக்கும் குரல் இல்லை, உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்.

"அப்படியென்றால் அவர் எப்போது நித்திரை கொள்கிறார்?"

கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு பஸ் மாறி வீடு வரும்வரைக்கும் அந்தக் கேள்வி பக்கத்து இருக்கையில் இருந்தது. இரண்டு வாரம் அந்த வீட்டில் நின்றேன். என் நித்திரையைப் பற்றி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரத்மலானையிலும் பேசாத ஆள் இல்லை. தண்ணீர் குடிக்க எழும்பிய ஒவ்வொரு தடவையும் அவர் கதிரையில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் 'என்ன அத்தான்' என்று கேட்டேன், பதிலுக்கு நிற்காமல் அறைக்குள் போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அத்தானின் எண்ணை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் அங்கே விடிய இரண்டரை என்று உறைத்தது. துண்டிக்கப் போனேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்ன வசந்தி," என்றார், அக்காவை எழுப்பாத தாழ்ந்த குரலில். "டொக்டர் என்னவாம்?"

"வருத்தம் ஒண்டுமில்லையாம் அத்தான். கடிதம் தந்திட்டா. ஆறு கிழமையில கார் ஓடலாமாம்."

"நான் உள்ளதைச் சொன்னது நல்லதாப் போச்சுது. சரி, நேரத்துக்குப் படும்."

"நீங்கள் இன்னும் படுக்கேல்லையோ?"

தொலைபேசியில் கதிரை கிறீச்சிடுவது கேட்டது. பிறகு, பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப்போல் சொன்னார்.

"படுக்கத்தான் போறன். ஒருத்தரும் வரேல்லை எண்டு பாத்திட்டுப் படுப்பம் எண்டு இருந்தனான்."